கொடுப்போர் இல்லாத கரணம்: தன்பாலின இணையரின் சட்ட ஏற்பும் ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்புறமும்

ஆய்வுச்சுருக்கம்

தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க இந்திய உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு மறுத்தது. ஆயினும், இணையர் வாழ்வைச் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவரும் முயற்சி தமிழ்நாட்டில் வேறொரு தடத்தில் தொடர்கிறது. 1967ஆம் ஆண்டின் சுயமரியாதைத் திருமணத் திருத்தம், சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019, 2021, 2025ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் ஆகியவற்றை மொழிநிலையில் வாசித்து, அவற்றின் சொற்கள் எதனைத் திறக்கின்றன, எதனை அடைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைத் தொழிற்பகுதி இவ்வாய்வின் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பியத்தின் கரணம், உடன்போக்கு, அறத்தொடு நிற்றல் ஆகிய கருத்தாக்கங்கள் ஒப்பீட்டுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரணம், உடன்போக்கு, சுயமரியாதைத் திருமணம், தன்பாலின இணையர், தெரிந்தெடுத்த குடும்பம், எல்லைப்புறம்.

1. முன்னுரை

ஒரு சமூகத்தின் மனப்போக்கு மாறுவதை அதன் சொற்களில் காணலாம். தன்பால் உறவைக் குறிக்கத் தமிழ் இதழ்களும் காவல்துறைக் குறிப்புகளும் நெடுங்காலம் பயன்படுத்திய சொல் ‘ஓரினச்சேர்க்கை’ என்பதாகும். இது ஒரு செயலை மட்டுமே சுட்டுகிறது. செயலைச் சுட்டும் சொல் குற்றவியலுக்கு ஏற்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவில் தண்டித்ததும் செயலையே. பின்னர்ப் புழக்கத்திற்கு வந்த ‘தன்பாலீர்ப்பு’ என்பது மனத்தைச் சுட்டுகிறது. ஒருவருடைய இயல்பைப் பற்றிய பேச்சுக்கு அது இடந்தருகிறது. ‘தன்பாலின இணையர்’ என்பதோ இருவருக்கிடையிலான உறவைச் சுட்டுகிறது. செயல், இயல்பு, உறவு என்னும் இம்மூன்று நிலைகளுக்கும் சட்ட வரலாற்றில் இணைகள் உண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கின் தீர்ப்பு, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. அத்தீர்ப்போடு செயல் பற்றிய வினா முடிந்து, உறவு பற்றிய வினா தொடங்கியது.

இவ்வினாவைப் பெருநகரங்களை வைத்தே பேசும் வழக்கம் ஆய்வுலகில் உள்ளது. இக்கட்டுரை ஓசூரிலிருந்து பேச விழைகிறது. பழைய சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இடம்பெற்ற இவ்வூர், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியன இங்குத் தெருவில் கேட்கும் மொழிகள். 1970களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையும் அதன்பின் பெருகிய ஆலைகளும், ஊரையும் உறவையும் விட்டு வந்த பல்லாயிரம் இளையோரை வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் ஒன்றாகத் தங்கச் செய்துள்ளன. சட்ட ஏற்பு என்பது ஒருவருக்கு நடைமுறையில் எதைத் தருகிறது என்று அளந்து பார்ப்பதற்கு இதனினும் பொருத்தமான களம் அரிது.

2. ‘ஒருவர் மற்றவரை’: 7-ஏ பிரிவின் மொழி

சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் தமிழகத்தில் நிகழ்ந்து வந்தன. சடங்கின்றி நடந்த அத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் முடிவு செய்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் நிறைவேற்றி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் புரிந்துகொள்ளும் எந்த மொழியிலேனும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ திருமணம் முழுமை பெறும் என்பது அதன் சாரம்.

இப்பிரிவில் மூன்று கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, புரோகிதரும் பெற்றோரும் திருமணத்தின் கட்டாய உறுப்பாக இல்லாமற் போகின்றனர். ஏற்பவர் இருவரின் சொல்லே கரணமாகிறது. இரண்டாவது, ‘புரிந்துகொள்ளும் எந்த மொழியிலேனும்’ என்னும் தொடர். மணமக்கள் இருவரின் தாய்மொழியும் வேறாக இருக்கும் எல்லைப்புறத்தில் இத்தொடர் வெறும் அலங்காரமன்று. மூன்றாவது, பின்னோக்கிச் செல்லும் ஆற்றல். சட்டம் வருமுன் நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் திருமணமற்றோராக வாழ்ந்தவர்களை, அவர்கள் வாழ்ந்த நாளிலிருந்தே மணமானவர்களாக அது ஏற்றது. வாழ்க்கை முன்சென்றது; சட்டம் பின்வந்து அதற்குப் பெயரிட்டது.

ஆனால் இதே பிரிவு ஓரிடத்தில் அடைபடுகிறது. இரு தரப்பினரும் ஒருவர் மற்றவரை ஏற்பதைக் கூறும் அந்த வாக்கியம், மனைவியாகவோ கணவனாகவோ ஏற்பதாக அறிவிக்க வேண்டும் என்று முடிகிறது. ஏற்பு இருவருக்கும் பொதுவானது, பெயர்கள் இருபாற்பட்டவை. மேலும் இது இந்துக்களுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டுத் திருத்தம் ஆதலின் ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியை அடைந்தால் இப்பிரிவு துணைக்கு வாராது. கன்னட நாட்டில் குவெம்பு வகுத்த ‘மந்திர மாங்கல்யம்’ எளிய திருமண முறையாகப் போற்றப்படினும், அதற்கு 7-ஏ போன்ற தனிச்சட்ட வடிவம் இல்லை. ஒரே பேருந்தில் அரை மணி நேரத்தில் கடக்கும் எல்லையில் கரணத்தின் சட்டப்பொருளே மாறிவிடுகிறது.

3. மணமகள் என்பவர் யார்?

சொல் அடைத்த இடத்தைச் சொல்லைக் கொண்டே திறந்த தீர்ப்பு 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கியது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் மறுத்தார். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் மாறாப் பொருளுடையதன்று; தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கையையும் அது உள்ளடக்கும் என்று நீதிமன்றம் கூறியது. 2014ஆம் ஆண்டின் நால்சா தீர்ப்பு பாலின அடையாளத்தை அவரவர் தெரிவுக்கு விட்டதன் இயல்பான விளைவு இது.

இத்தீர்ப்பின் வலிமையே அதன் எல்லையும் ஆகும். ‘மணமகள்’ என்னும் கட்டத்திற்குள் யாரெல்லாம் நிற்கலாம் என்பதை அது விரித்தது. மணமகன், மணமகள் என்னும் இரு கட்டங்களைத் தொடவில்லை. இருவரும் பெண்களாகவோ இருவரும் ஆண்களாகவோ உள்ள இணையருக்கு இவ்விரிவு பயன்படவில்லை. உச்ச நீதிமன்றம் 2023இல் எதிர்ப்பால் உறவில் உள்ள திருநர்க்கு நடப்புச் சட்டங்களின்கீழ் மணவுரிமை உண்டு என்று ஒருமனதாக ஏற்றதும் இந்த எல்லைக்குள்தான்.

4. உடன்போக்கு: 2021

மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காணாமற்போனோர் புகார் அளித்தனர். பாதுகாப்புக் கோரிய பெண்களின் மனுவில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே கற்றல் அமர்வுக்குச் சென்றபின் அவர் எழுதிய ஆணை அது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்ததும், காணாமற்போனோர் புகாரைக் காவல்துறை இத்தகைய இணையரைத் துன்புறுத்தும் கருவியாக்கக் கூடாது என்றதும் அதன் முதன்மைப் பயன்கள். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, பயன்படுத்தத்தக்க சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

தமிழாய்வாளர்க்கு இந்நிகழ்வு ‘உடன்போக்கு’ எனும் துறையை நினைவூட்டும். தொல்காப்பியக் கற்பியல், தலைவியைக் கொடுத்தற்குரியோர் கொடுக்கக் கரணத்தோடு நிகழ்வதே கற்பு என வரையறுக்கிறது. உடனேயே, இருவரும் உடன்போகிய காலத்தில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என ஏற்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது. கரணம் இயற்கை விதியன்று, மாந்தர் தேவை கருதி வகுத்த ஏற்பாடு என்னும் தெளிவு அங்கு இருக்கிறது. 7-ஏ பிரிவை இம்மரபின் தொடர்ச்சியாக வாசிக்க முடியும்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. தொல்காப்பியர் பேசுவது தலைவனையும் தலைவியையும் பற்றியே. கோப்பெருஞ்சோழன் – பிசிராந்தையார் நட்பு போன்றவற்றைத் தன்பால் காதலாக வாசித்து, ‘பண்டைத் தமிழர் இதனை ஏற்றிருந்தனர்’ என நிறுவும் முயற்சிகள் சான்றைக் கடந்து செல்வன. உரிமைக்குப் பழமை சான்றாக வேண்டியதில்லை. மரபிலிருந்து நாம் பெறக்கூடியது ஒரு முன்னிகழ்வை அன்று. கொடுப்போர் இசையாதபோதும் இருவர் இசைவைச் சமூகம் ஏற்பதற்கு ஒரு வழி வேண்டும் என்னும் சிந்தனை முறையை.

5. மறுப்பும் அதன் எச்சமும்: 2023

சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது நிபந்தனையற்ற அடிப்படை உரிமையன்று என்பதிலும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் திருத்தி எழுத இயலாது என்பதிலும் ஐவரும் ஒன்றுபட்டனர். இணையர் வாழ்வுக்குச் சட்டவழிப்பட்ட ஒன்றிய வடிவம் வேண்டும் என்னும் உரிமையைத் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் ஏற்றனர். நீதிபதிகள் பட், கோலி, நரசிம்மா ஆகிய பெரும்பான்மையர் மறுத்தனர். 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

இவ்விடத்தில் ஒரு முரணைச் சுட்டவேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில், இளவரசன் வழக்கில், 7-ஏ திருமணத்திற்குப் பலரறியும் விழாவோ அறிவிப்போ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அத்தீர்ப்பு வழங்கிய அமர்வில் நீதிபதி பட்டும் இருந்தார். குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சி மறைவாக மணப்போருக்குப் பொது அறிவிப்பு உயிருக்கே ஊறாகலாம் என்னும் கருத்து அதில் வெளிப்பட்டது. எதிர்ப்பால் இணையருக்குக் குடும்பமே அச்சுறுத்தலாகக் கூடும் என்று இரண்டு மாதங்களுக்கு முன் உணர்ந்த நீதிமன்றம், அதே அச்சுறுத்தலுக்கு ஆளாகும் தன்பாலின இணையரைச் சட்டமன்றத்தின் பொறுப்பில் விட்டது. அதிகாரப் பகுப்பு என்னும் காரணம் வலுவற்றதன்று. ஆனால் ஒரே அச்சத்திற்கு இரு வேறு மறுமொழிகள் என்பது வாசகர் மனத்தில் எஞ்சும் உறுத்தல்.

பிறநாடுகளின் வழிகளும் ஒரே தன்மையன அல்ல. நெதர்லாந்து 2001இலும், தைவான் 2019இலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் சட்டமியற்றி ஏற்றன. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையைப் பற்றி 2023 நவம்பரில் முதற்பதிவு நிகழ்ந்தது. தமிழர் வாழும் சிங்கப்பூர் 377ஏ பிரிவை நீக்கிய அதே வேளையில் திருமண வரையறையை நீதிமன்ற அறைகூவலிலிருந்து காக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தையும் செய்தது. குற்றநீக்கம் தானாகவே மண ஏற்புக்கு இட்டுச்செல்லும் என்னும் நேர்க்கோட்டு நம்பிக்கையைச் சிங்கப்பூர் பொய்யாக்குகிறது.

6. ‘தோழி’ என்னும் மறைப்பு: 2025

2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் அமர்வு ஓர் ஆட்கொணர்வு மனுவை முடித்துவைத்தது. பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட இளம்பெண்ணை மீட்க அவருடைய இணையர் வழக்குத் தொடுத்திருந்தார். மனுவில் அவர் தம்மை நெருங்கிய தோழி என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அத்தயக்கத்தைப் புரிந்துகொள்வதாக நீதிமன்றம் பதிவு செய்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தெரிந்தெடுத்த குடும்பம் என்னும் கருத்து சட்டச் சிந்தனையில் நிலைபெற்றுவிட்டது என்றும் கூறியது.

‘தோழி’ என்னும் சொல்லின்மேல் சற்று நிற்க வேண்டியுள்ளது. அகமரபில் தோழியின் தலையாய கடமை அறத்தொடு நிற்றல். தலைவியின் காதலைச் செவிலிக்கு உணர்த்த, செவிலி நற்றாய்க்கு உணர்த்த, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். காதல் வெளிப்படுவதற்கும் ஏற்கப்படுவதற்கும் தோழி வாயிலாவாள். இவ்வழக்கில் காதலி தானே தோழி என்னும் பெயருக்குள் மறைய நேர்ந்தது. வெளிப்படுத்தும் பாத்திரத்தின் பெயர் மறைக்கும் போர்வையாயிற்று. அறத்தொடு நிற்க வேறெவரும் இல்லாத நிலையில் அப்பணியை நீதிமன்றம் ஏற்றது எனலாம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’ திரைப்படம் இவ்வாயிலின் இன்மையையே கருவாகக் கொண்டது. மகள் தன் காதலை இடைநிற்போர் இன்றித் தானே தாயிடம் சொல்கிறாள். முற்போக்குச் சிந்தனையுடைய தாய் நிலைகுலைகிறார். கொள்கையில் ஏற்பதற்கும் தன் வீட்டில் ஏற்பதற்கும் உள்ள தொலைவை அப்படம் கூச்சலின்றிக் காட்டுகிறது. மனப்போக்கு மாறிவிட்டது என்று கூறும் ஆய்வுகள் இத்தொலைவைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

7. எல்லைப்புறம் என்னும் உரைகல்

மேற்கண்ட ஏற்புகள் ஓசூரின் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு என்ன தருகின்றன? இருவர் ஓரறையில் வாழ்வதற்கு இன்று சட்டத் தடையில்லை. ஆனால் தொழிலாளர் வாழ்வைத் தாங்கும் ஏற்பாடுகள் யாவும் ‘குடும்பம்’ என்னும் வரையறை வழியே செல்கின்றன. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், உறுப்பினருக்குக் குடும்பம் இருப்பின் குடும்பத்தினரையே நியமனதாரராகக் குறிக்க வேண்டும். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் அவ்வரையறையுள் அடங்குவர். குடும்பம் இல்லாதபோது எவரையும் குறிக்கலாம். பின்னர்க் குடும்பம் அமைந்தால் அந்நியமனம் செல்லாததாகும். ஊரில் பெற்றோர் தம்மைச் சார்ந்து வாழும் வரை, உடன்வாழும் இணையரைப் பெண் தொழிலாளி ஒருவர் நியமிக்க இயலாது. அவரைப் பூட்டிவைக்கக் கூடிய பெற்றோரே சட்டத்தின் கண்ணில் அவருடைய குடும்பம். அவரை மீட்க வழக்காடக் கூடிய இணையர் அயலார். தெரிந்தெடுத்த குடும்பம் என்னும் தீர்ப்பு மொழிக்கும் படிவத்தின் மொழிக்கும் இடையிலான பிளவு இதுவே.

2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் துறைகள் சில சலுகைகளை அறிவித்தன. இணையர் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நியமிக்கவும் தடையில்லை என நிதித்துறை தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டை நோக்கில் இணையரை ஒரே இல்லத்தினராகக் கருதுமாறு உணவுத்துறை மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. இவை பயனுள்ளவை, ஆனால் அறிவுரைகள், உரிமைகள் அல்ல. அட்டை சொந்த ஊரில், வேலை ஓசூரில், வாடகை ஒப்பந்தம் மூன்றாமவர் பெயரில் என்றிருக்கும் புலம்பெயர் தொழிலாளிக்கு ‘ஒரே இல்லம்’ என்பதை மெய்ப்பிப்பதே பெரும்பாடு.

சட்ட ஏற்பு கிடைத்தாலும் அது போதுமா என்னும் வினாவுக்கும் இவ்வெல்லைப்புறம் ஒரு கடிய விடை வைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு சூளகிரிப் பகுதியைச் சேர்ந்த தலித் இளைஞர் ஒருவரும் வேறு சாதிப் பெண் ஒருவரும் மணந்து ஓசூரில் வாழ்ந்தனர். நவம்பரில் இருவரும் கொல்லப்பட்டனர். உடல்கள் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் காவிரியில் கிடைத்தன. சட்டம் முழுமையாக ஏற்ற திருமணம் அது. ஆணவக் கொலைகளைத் தடுக்க அவ்வாண்டு மார்ச்சில்தான் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்திருந்தது. சாதி கடந்த மணத்தையே பொறுக்காத உறவுக்கட்டு, பால் ஒத்த மணத்தைப் பதிவேட்டின் முத்திரைக்காகப் பொறுத்துக்கொள்ளும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மகளின் மணம் சாதியின் எல்லையைக் காக்கும் கருவியாகக் கருதப்படும் வரை, சாதி மறுப்பு மணமும் தன்பாலின மணமும் எதிர்கொள்ளும் வன்முறை ஒரே மூலத்தினின்று எழுவது. எனவே சுயமரியாதைத் திருமண வரலாற்றைத் தன்பாலின மண விவாதத்தோடு இணைப்பது உவமை நயத்துக்காக அன்று.

8. இடைவழி: குடும்பக் கூட்டு ஆவணம்

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இணையர் தம் உறவைப் பதிவு செய்துகொள்ளத்தக்க ஓர் ஆவண முறையைத் தமிழக அரசு கருத வேண்டும் என்றார். திருமணம் எனும் பெயரின்றி, துன்புறுத்தலின்றிக் கூடிவாழும் உரிமைக்குப் பதிவு வழங்கும் கருத்து அது. இதற்கு எதிர்ப்பு இரு திசைகளிலிருந்தும் வரக்கூடும். இது கொல்லைப்புற வழியாகத் திருமணத்தைக் கொணர்வது என்பர் ஒரு சாரார். முழு உரிமைக்கு ஈடாகத் தரப்படும் இரண்டாந்தர ஏற்பு என்பர் மறு சாரார். பின்னதே கவனிக்கத்தக்க மறுப்பு. ஆயினும், ஆட்கொணர்வு மனு என்பது ஒருவர் அடைக்கப்பட்ட பின் கிடைக்கும் தீர்வு. பதிவு என்பது அதற்கு முன்பே கையிலிருக்கும் சான்று. காவல் நிலையத்தில் காட்டுவதற்கு ஒரு தாள் இருப்பதும் இல்லாததும் ஓசூரின் விடுதி அறையில் சமமான நிலைகள் அல்ல.

இங்கு 7-ஏ பிரிவின் வரலாறு வழிகாட்டுகிறது. அதுவும் ஒரு மாநிலத் திருத்தமே. திருமணம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் சட்டமியற்ற வழி உண்டு. ‘மனைவியாகவோ கணவனாகவோ’ என்னும் தொடரோடு ‘இணையராகவோ’ என்னும் ஒரு சொல் சேர்ந்தால் மொழிநிலையில் அப்பிரிவு முழுமை பெறும். அச்சொல் சேர்வதற்கு வேண்டிய அரசியல் துணிவு 1967இல் எளிதாகக் கிடைத்ததன்று; நாற்பதாண்டு வாழ்க்கையும் ஓர் இயக்கமும் அதற்கு முன்சென்றன.

9. முடிவுரை

இக்கட்டுரை கண்டவற்றைத் தொகுத்துரைக்கலாம். 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு ‘மணமகள்’ என்னும் சொல்லை விரித்தது. இருபாற் சட்டகத்தை அசைக்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஆணை உடன்போக்கினருக்குக் காப்பளித்தது. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர்தம் இல்லத்தைக் குடும்பம் என அழைத்தது. இவற்றுள் எதுவும் வைப்பு நிதிப் படிவத்தின் ஒரு கட்டத்தையும் மாற்றவில்லை. ஏற்பின் மொழி நீதிமன்றத்தில் வளர்ந்திருக்கிறது. ஏற்பின் நிருவாகம் வளரவில்லை. தொழிலாளர் இணையரின் வாழ்வைக் களஆய்வு வழி ஆராயாமல், பெருநகரத் தீர்ப்புகளை மட்டும் கொண்டு சமூக மனமாற்றத்தை மதிப்பிடுவது குறையுடையதாகவே அமையும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளும் வாடகை அறைகளும் அத்தகைய ஆய்வுக்குக் காத்திருக்கும் களங்கள்.

கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு எனக் கூறிய மரபுக்கும், ஏற்பவர் சொல்லே போதும் எனக் கூறிய திருத்தத்துக்கும் உரிய மொழி தமிழ். அம்மொழியில் ஒரு பெண் தன் இணையரை மீட்க நீதிமன்றம் செல்லும்போது, தோழி என்று எழுதி மறைக்கும் தேவை நீங்குவதே சட்ட ஏற்பு எய்த வேண்டிய முதல் நிலையாகும்.